ரவுட்டர் மேல் ஒரு பச்சைப் பொட்டலம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கையிலிருக்கும் போனைக் கவிழ்த்து வையுங்கள். கோபத்தில் ஒருத்தி கொலைகாரனைப் பிடித்த கதை சொல்கிறேன்.

தைச்சுங் நகரம். நாலாவது மாடி வீடு. ஜூலை மாத மதியம்.

"என் புருஷன் கொலைகாரனா? உங்களுக்குக் கண்ணு இருக்கா, இல்லையா?"

பெய்ஷான் கத்திய கத்தலில் இன்ஸ்பெக்டர் பாவ் குடித்துக்கொண்டிருந்த பால் டீ புரையேறியது.

பெய்ஷானும் அவள் கணவன் யுங்ஜியும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர்கள். நேற்றுக் காலை இந்த வீட்டில் வைஃபை சரியில்லை என்று திருமதி ஃபாங் கூப்பிட்டார். யுங்ஜி வந்து சரிசெய்தான்.

மதியம் இரண்டு மணிக்கு திருமதி ஃபாங் சமையலறையில் பிணமாகக் கிடந்தார். பின்மண்டையில் அடி.

மூன்று மணிக்கு யுங்ஜி லாக்கப்பில்.

"கத்தாதம்மா..." பாவ் வாயைத் துடைத்தார். "ஹால்ல கேமரா இருக்கு. உன் புருஷன் வந்து நின்னது பதிவாயிருக்கு; வாசலும் ரவுட்டரும் அதுல விழாது, போனது தெரியலை. கேமரா வைஃபையிலதான் ஓடுது, பதினொண்ணே காலுக்குப் பதிவு நின்னு போச்சு. அந்த நேரத்துல ரவுட்டர்ல கை வெச்சவன் யாரு?"

"பதினொண்ணு அஞ்சுக்கே கிளம்பிட்டேன்னு சொன்னாரே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

சோபாவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கேமரா எதுக்கு நிக்கணும்? நிறுத்தத் தெரிஞ்சவன் நிறுத்தினான். அவ்வளவுதான்."

கூ ஷெங்லின். திருமதி ஃபாங்கின் அண்ணன் மகன். சிப் ஆலையில் முந்நூறு சர்வர்களுக்குப் பொறுப்பாளன். இந்த வீட்டை எழுதித் தரச் சொல்லி அத்தையோடு சண்டை. அவர் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை.

"நீங்க நேத்து எங்க இருந்தீங்க?" என்றாள் பெய்ஷான்.

"ஆலையில. இந்த வாசப்படியை மிதிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னைக்கு சார் கூப்பிட்டதால வந்தேன். போதுமாக்கா? வேற ஏதாவது விசாரணை பாக்கியிருக்கா?"

அந்த 'அக்கா'வில் இருந்த இளக்காரம் அவள் காதில் சுட்டது.

பாவ் பெருமூச்சு விட்டார். "கம்ப்யூட்டர்ல கேமராப் பதிவைத் திரும்பப் பார்க்கலாம்னா நெட்டே வரலை. எங்க ஆளு காலையில இருந்து முட்டிக்கிட்டான்."

"வராதா? என் புருஷன் சரி பண்ணின நெட்டு வராதா? தள்ளுங்க சார்."

உள் அறைக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

வைஃபை பெயர் தெரிந்தது. சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. அணைத்துப் போட்டாள். பாஸ்வேர்டை மறுபடி அடித்தாள். பக்கத்து வீட்டு வைஃபை முழுக் கோடு காட்டியது.

அப்படியானால் கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை.

எழுந்து ஹாலுக்குத் திரும்பினாள். ரவுட்டர் உயரமான புத்தக அலமாரியின் உச்சியில் இருந்தது. நாற்காலி போட்டு ஏறினாள்.

ரவுட்டரின் இரண்டு ஆன்டெனாக் கொம்புகளும் மடங்கிக் கிடந்தன. அவற்றின் மேல், பச்சைப் பொட்டலம்.

எங்கள் ஊரில் மெஷின் இருக்குமிடத்தில் பச்சைப் பொட்டலமும் இருக்கும். தேங்காய் வாசம் போட்ட சோளப் பொரி. சமர்த்தாக இரு என்று மெஷினுக்குச் சொல்லி வைப்பது. பச்சையாக இருக்கணும், பிரிக்காமல் இருக்கணும், தேதி தாண்டாமல் இருக்கணும்.

ஆனால் உள்பக்கம் வெள்ளித் தாள். அதைக் கொம்பின் மேல் சாத்தினால் சிக்னல் சுவரைத் தாண்டுமா?

கைக்குட்டையால் பொட்டலத்தைத் தூக்கினாள். கொம்புகளை நிமிர்த்தினாள்.

"வந்திருச்சு!" உள்ளேயிருந்து போலீஸ்காரர் குரல் கொடுத்தார்.

பெய்ஷான் இறங்கவில்லை. பொட்டலத்தையே பார்த்தாள்.

நவம்பர் வரை தேதி.

போனை எடுத்தாள். வேலை முடிந்ததும் யுங்ஜி படம் எடுத்து அனுப்புவது வழக்கம். நேற்று, பதினொன்று மூன்று. கொம்புகள் நிமிர்ந்து நிற்கின்றன. பொட்டலம் ரவுட்டருக்குப் பக்கத்தில். தேதி... மார்ச். கீழே அவன் எழுதியிருந்தான்: 'பழசு. புதுசு வாங்கி வைக்கச் சொன்னேன்.'

அதற்குப் பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

திருமதி ஃபாங்கா? முழங்கால் ஆபரேஷன் ஆன மனுஷி இந்த உச்சிக்கு ஏறுவாரா?

"சார், நேத்து மதியத்துக்கு அப்புறம் உள்ள யார் வந்தா?"

"ஈ, காக்கா வரலை. சீல் வெச்சாச்சு. நாங்களும் இதுல கை வைக்கலை."

அவள் மெல்ல இறங்கினாள். நெஞ்சு கொதித்தது. முகத்தில் மட்டும் அசட்டுச் சிரிப்பு.

"கண்டுபிடிச்சுட்டேன் சார். தேதி தாண்டின பொட்டலம். மார்ச்சோட முடிஞ்சிருக்கு. எந்த முட்டாள் இதை வெச்சானோ... மெஷினைப் பத்தி ஒரு இழவும் தெரியாதவன். இவனை நம்பி ஒரு காத்தாடியைக்கூட விடக்கூடாது."

ஷெங்லினின் காது சிவந்தது.

"மார்ச்சா? நல்லா பாருக்கா."

"பாத்துட்டுத்தான் சொல்றேன். மார்ச்."

"நவம்பர்! பழசுதான் மார்ச். தேதி பாக்காம வைக்கிற ஆளா நான்? முந்நூறு சர்வருக்கு என் கையாலதான்..."

சட்டென்று பேச்சை நிறுத்தினான்.



பாவ் டீக் குவளையைக் கீழே வைத்தார். "ரெண்டு வருஷமா வாசப்படி மிதிக்கலைன்னியேப்பா..."

"சார், நான் சும்மா பேச்சுக்கு..."

"பழசு மார்ச்னு உனக்கு எப்படிடா தெரியும்?" பெய்ஷான் அவன் சட்டையைப் பிடித்தாள். "கேமரா நிக்க ரவுட்டரைப் பிடுங்கினே. அத்தையை அடிச்சே. திரும்ப மாட்டினே. பழைய பொட்டலத்தைப் பாத்ததும் கை சும்மா இருக்கலை. அவங்களுக்கு மூச்சு இருக்கான்னு பாத்தியாடா? பொரிக்குத் தேதி பாத்தியே!"

பொட்டலத்தில் அவன் விரல் ரேகை ஐந்தும் அழகாகப் பதிந்திருந்தது. பழைய பொட்டலம் அவன் கார் டிக்கியிலேயே, ஆலைக்கென்று வாங்கிய புதுப் பொட்டலங்களோடு கிடைத்தது.

சாயங்காலம் லாக்கப் கதவு திறந்தது. யுங்ஜி வெளியே வந்தான்.

"அந்த வீட்டுல நெட் வந்துச்சா?"

"உனக்கு அதுதான் கவலை..." கண்ணைத் துடைத்தபடி அவன் முதுகில் ஒன்று வைத்தாள் பெய்ஷான். "நெட்டும் வந்துச்சு. மாட்ட வேண்டியவனும் மாட்டினான்."

கண்ணுகளா, உங்கள் வீட்டில் எல்லாக் கோடும் நிறைந்திருக்கட்டும். உங்களைத் தேடி வருகிறவர்கள் உங்கள் முகத்துக்காக வரட்டும், கையெழுத்துக்காக வேண்டாம். பெரியவர்கள் நூறு வயது இருக்கட்டும்...

பொட்டலம் நவம்பர் வரை இருந்தால் போதும்.