பாட்டுக்கு அடியில்

ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரின் இரைச்சலும் கூடவே ஏறும், அது ஆல்டர்னேட்டரின் குணம் என்று மகேஷ்குமார் வரும்போதே சொல்லியிருந்தார். பினு மிதித்தான். எஞ்சின் அலறியது. பாட்டுக்கு அடியில் கிடந்த இரைச்சல் மட்டும் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது.

"கேரளத்துல காருக்கு வாற சீக்குல பாதி எர்த்து," என்றார் மகேஷ்குமார். "மீதிப் பாதி வண்டியோட உடமஸ்தன். நமக்கு எர்த்தாவே இருக்கட்டும்."

தென்காசிக்காரர். கரமனையில் கார் ஆடியோ கடை. வீடு தேடி வந்து வேலை செய்கிற ஆள் இல்லை; பினு கெஞ்சித்தான் நேமத்துக்குக் கூட்டிவந்திருந்தான். காரைக் கடைக்குக் கொண்டுபோக வழியில்லை. வண்டி போர்ட்டிகோவில் நாலு கதவும் பாதி திறந்து நின்றது; முன்சீட்டில் அம்மா இருந்தாள். வண்டி கேட்டைத் தாண்டினால் அழுவாள்.

கார் தம்பி அகிலுடையது. வாங்கிய சம்பளத்தையெல்லாம் டிக்கியில் வூஃபராக மாற்றி வைத்திருந்தான். அவன் ஜங்ஷனில் திரும்பினாலே அடுக்களையில் டம்ளர் நடுங்கும். அம்மா அடுப்பில் சோற்றை வைப்பாள். ஏப்ரலில் கூட்டுகாரரோடு விதுராவுக்கு மேலே ஆற்றில் குளிக்கப் போனான். எல்லாப் பையன்களும் செய்கிறதுதான்: காரைக் கரையில் நிறுத்தி, நாலு கதவையும் திறந்துவைத்து, பாட்டை முழுசாக ஏற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்குவது. ஆழக் கயத்தில் மாட்டியபோது அவன் கூப்பிட்டிருக்கிறான். எதிர்க்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் வாயசைவைப் பார்த்தாள். பாட்டுச் சத்தத்தில் ஒருவனுக்கும் கேட்கவில்லை. கார் ஒரு சொட்டு நனையாமல் வீடு வந்து சேர்ந்தது.

அடக்கம் முடிந்த சில நாளில் அம்மா சுசீலாபாய் மதியவேளையில் காரில் ஏறி உட்கார்ந்து, அன்றைக்கு ஓடின பாட்டைப் போடச் சொன்னாள். கீர்த்தனை தவிர வேறெதையும் காதில் வாங்காதவள். அவள் கேட்டது பாட்டை இல்லை என்று பினுவுக்குப் புரிய நாளானது. இப்போது ராத்திரியிலும் இறங்குவதில்லை. கழுத்தெலும்பு துருத்திவிட்டது. பினுவுக்கு வேண்டியது ஒன்றுதான். இரைச்சல் போக வேண்டும். போனால் கேட்க ஒன்றுமில்லாமல் அம்மா வீட்டுக்குள் வருவாள்.

"அம்மே, கொஞ்சம் இறங்கி நில்லுங்க," என்றார் மகேஷ்குமார்.

"நீ உன் ஜோலியப் பாரு மக்களே. நான் வாய் மிண்டாம இருக்கேன்."

டிக்கியில் குனிந்தவர் எர்த் திருகைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார். "பெயிண்டு மேலேயே முறுக்கி வச்சிருக்கான் பாரு. எந்தக் கழுதை செஞ்ச வேலைடே இது?"

"அகில் தானா செஞ்சது அண்ணே."

அவர் அதன்பின் உப்புத்தாளை மட்டும் பேசவிட்டார். பெயிண்டு உதிர்ந்து இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும் ஒயரை வைத்து முறுக்கினார். பாட்டு துலக்கிவைத்த பாத்திரம்போல் ஆனது. அதன் அடியில் இருந்ததும் துலங்கியது. முன்பு வெறும் கறையாக இருந்ததற்கு இப்போது ஒரு தொடக்கம் இருந்தது, ஒரு முடிவு இருந்தது, நடுவில் மூச்சு வாங்குகிற இடைவெளி இருந்தது.

"இப்போ நல்லா கேக்குது," என்றாள் அம்மா. பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது.

மகேஷ்குமார் ஆம்ப்புக்குப் பாட்டு வருகிற கேபிளைப் பிடுங்கினார். பாட்டு நின்றது. அடுத்த வீட்டில் ஓடிய மிக்ஸி கேட்டது. பாட்டுக்கு அடியில் இருந்தது நிற்கவில்லை.

"ஆம்ப்பே இரையுது. சாரமில்ல, சரியாக்கிரலாம்." ஆம்ப்பின் ஃப்யூஸை உருவினார். வூஃபர் ஒருமுறை விக்கி அடங்கியது. சத்தம் முன்னால் நகர்ந்துவிட்டது. அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில், இடது கதவு ஸ்பீக்கரில், மெல்லியதாக, கிட்டத்தில். தொண்டையில் ஏதோ நிறைந்த சத்தம். அவர் டாஷ்போர்டிலிருந்து செட்டையே கழற்றினார். ஓட்டையில் ஒயர்கள் தொங்கின. சத்தம் இருந்தது. பானெட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். எஞ்சின் எப்போதோ அணைந்த காரில், இனி ஒரு பல்பு எரியவும் வழியில்லை.

சத்தம் இருந்தது.

ஸ்பீக்கர் ஒயரில் மீட்டரை வைத்தார். பூஜ்யம். மீட்டரைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தார். பூஜ்யம். வலைக்குப் பின்னால் ஸ்பீக்கரின் காகிதம் முன்னே வந்து, பின்னே போய், முன்னே வந்தது.

இவ்வளவு நேரம் கழற்றியதெல்லாம் கோளாறு இல்லை என்று பினுவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சத்தத்தின் மேல் கிடந்த மூடிகள். ஒவ்வொன்றாகத் திறந்து கொடுத்திருக்கிறோம்.

"ஒரு ஃப்யூஸ் வாங்கிட்டு வாறேன் தம்பி," என்றார் மகேஷ்குமார். மீட்டர் தரையிலேயே கிடந்தது. பைக் போன வேகத்துக்கு அந்த ஃப்யூஸ் எர்ணாகுளத்தில்தான் கிடைக்கும் போலிருந்தது.

மஞ்சள் வெளிச்சம் மதிலைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. பாறைப் பாசியின் வாசனை வந்தது. நேமத்தில் பாறையும் இல்லை, ஆறும் இல்லை.

"அம்மா. இறங்கு. சோறு சாப்பிடலாம் வா."

அவள் விரலை உயர்த்தினாள். பேசாதே.

"…ம்."

காகிதம் முன்னே வந்தது.

"…ம்மா."

அகில்தான். வாய் நிறையத் தண்ணீரோடு.

சுசீலாபாய் குனிந்து, கதவின் வலையில் வாயை வைத்தாள். குழந்தையை எழுப்புகிற குரல். "கேட்டுட்டேன் மக்களே. அம்மைக்குக் கேட்டுட்டு. இன்னா வாறேன்."

"அம்மா, வேண்டாம்…"

திறந்து கிடந்த நாலு கதவும் சாத்திக்கொண்டன. பேட்டரி இல்லாத காரின் பூட்டுகள் ஒன்றாக இறங்கின. டக்.

பினு கைப்பிடியை இழுத்தான். கதவில் சாவியைத் திருகினான். கண்ணாடியில் அடித்தான். கத்தினான். அவள் திரும்பவில்லை. உள்ளே கண்ணாடியில் நீராவி கீழிருந்து ஏறி, அவளை மூடி, மெதுவாக விலகியது.

சேலைத் தலைப்பு மடியைவிட்டு எழுந்தது. கொண்டை தானாக அவிழ்ந்தது. நரைத்த முடி முழுவதும் கூரையை நோக்கி உயர்ந்து, விரிந்து, ஆற்று ஒழுக்கில் கிடக்கிற பாசிபோல ஒரே பக்கமாக அசைந்தது.

போர்ட்டிகோ தரை காய்ந்திருந்தது.

அம்மா இரண்டு கைகளையும் முன்னே நீட்டினாள். எதையோ கட்டிப்பிடித்தாள். கைகள் நெஞ்சுவரை வந்து சேரவில்லை. நடுவில், வளர்ந்த ஒரு ஆண்பிள்ளையின் அகலத்தில் நின்றன.

பிறகு அந்த இடைவெளி அவளை இறுக்கத் தொடங்கியது.