அணைந்த மானிட்டர்

மானிட்டரை அணைத்த பிறகும் அதன் கண்ணாடியில் ஒரு படம் மிச்சமிருப்பதை ஆரோக்கியமேரி முதல் நாளே கவனித்தாள்.

பழைய டி.வி.யில் பிக்சர் ட்யூப் போய்விட்டது. அவள் கணவன் யேசுதாஸ், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில்லில் வேலை பார்ப்பவன், துளசிராமனின் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் மானிட்டரைத் தூக்கிவந்து, ட்யூனர் பாக்ஸ் ஒன்றை மாட்டி, கேபிள் ஒயரைச் சொருகினான். படம் பளிச்சென்று வந்தது. அணைத்தால்தான் அந்தப் பழுப்பு நிழல். இரண்டு பக்கமும் தூண்கள், நடுவில் நீளமான பாதை, கடைசியில் மூடிய இரும்புக் கதவு.

"ஏதோ கம்பெனி செக்யூரிட்டி ரூம்ல இருந்துச்சாம் மேரி. வருசக்கணக்கா ஒரே கேமராவக் காட்டிக்கினு இருந்தா, படம் கண்ணாடியிலயே வெந்துபூடுமாம். துளசிராமன்தான் சொன்னாரு."

"எந்தக் கம்பெனியாம்?"

"மூடிட்டாங்களாம். பேரு அவருக்கே தெரியல."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தூசி துடைக்கும்போது, படத்தில் முதல் தூணுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறை இருந்தது. ஈரத்துணிக்கும் போகவில்லை. புதன்கிழமை அது இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில் இருந்தது. நம்பாமல், மகள் மோனிகாவின் ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக் கறையை ஒட்டிக் கண்ணாடியில் ஒரு கோடு போட்டாள். வியாழக்கிழமை கோடு அங்கேயே இருந்தது. கறை அதைத் தாண்டி இரண்டு விரல்கடை போயிருந்தது.

அவள் முட்டிபோட்டு உட்கார்ந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். காலையிலிருந்து போடாத மானிட்டர், ஆனாலும் கண்ணாடியிலிருந்து சுட்ட தூசியின் வாசனை வந்தது, கையிலிருந்த பூனைமுடியெல்லாம் அதன் பக்கமாகச் சாய்ந்தது, ரோட்டில் போகும் டிரெய்லர் லாரிகளின் இரைச்சலுக்கு அடியில் மெல்லிய ரீங்காரம் ஒன்று காதுக்குள் ஊர்ந்தது. கறைக்குக் கால்கள் இருந்தன. முதுகு காட்டி நடக்கிற ஆம்பிளை. தோளில் டிபன் பை. இடது தோள் மட்டும் கொஞ்சம் தூக்கலாக.

யேசுதாஸ் அப்படித்தான் நடப்பான். மில்லில் கம்பி விழுந்து அந்தத் தோள் இறங்காமல் போனதிலிருந்து.

வெள்ளிக்கிழமை அவன் ராத்திரி பத்து மணிவரை போகும் பி ஷிப்டுக்குக் கிளம்பியபோது சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு மட்டும் போவாதீங்க."

"நீ சொன்னேன்னு நானுந்தான் அந்த மானிட்டரப் பாத்தேன். வெறும் கதவு தெரியுது, ஆளெல்லாம் ஒண்ணும் இல்ல."

"எனக்குத் தெரியுதுங்க. உங்க முதுவு எனக்குத் தெரியாதா?"

அவன் சிரிக்கவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். "லீவு போட்டா சூப்பர்வைசர் பேஜார் பண்ணுவாரு. கொழந்தையப் பாத்துக்கோ."

இரண்டு மணிச் சங்கு ஊதியது. நாலு மணிக்கு வழக்கமான மின்வெட்டு. மின்விசிறி தயங்கித் தயங்கி நின்றதும், தூரத்து மில்லின் சம்மட்டிச் சத்தம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. மானிட்டரைப் போர்வையால் மூடியிருந்தாள். மூடினால் பார்க்காமல் இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். முடியவில்லை. விலக்கினாள்.

அவன் கதவருகே நின்றிருந்தான். கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது.

பக்கத்து வீட்டுப் பூவம்மாளிடம் ஓடி, அவள் செல்லிலிருந்து மில்லுக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தபோது கதவு மூடியிருந்தது. பாதையில் யாரும் இல்லை.

ஐந்தரைக்கு வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். யேசுதாஸ் உள்ளே வந்தான். அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"இன்னாங்க, ஷிப்ட் முடியலியே?"

"முடிஞ்சிடுச்சு."

செருப்பைக் கழற்றவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. நேராகப் போய் மானிட்டர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தான். மோனிகா ஓடிப்போய் மடியில் ஏறிக்கொண்டாள். அவன் சட்டையில் இரும்பு வாடை இல்லை, வியர்வை இல்லை. சுட்ட தூசியின் வாசனை.

மேரி எட்டி வைத்த கால் நின்றது.

கரண்ட் இன்னும் வரவில்லை. ஆனால் கண்ணாடியில் ஏதோ அசைந்தது. கதவு இல்லை. தூண்கள் இல்லை. ஒரு முகம். கண்ணாடி முழுக்க ஒரே முகம். இரண்டு உள்ளங்கைகள் உள்ளிருந்து அழுந்தி வெளுத்திருந்தன. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. உதட்டைப் பார்த்தாலே புரிந்தது. மேரி. மேரி.

 

நாற்காலியில் இருந்தது குழந்தையின் தலையைத் தடவிக்கொடுத்தது. ஒரே இடத்தில். திரும்பத் திரும்ப.

மோனிகா கண்ணாடியைக் கை நீட்டிக் காட்டினாள்.

"அம்மா, நைனா அழுவுறாரு."

சொல்லிவிட்டு, தான் யார் மடியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்க்க, மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள்.