காணோம் என்றதற்கு இரண்டு பொத்தான்கள்

காலை ஷிப்டில் முதல் அழைப்பு, கையில் வெட்டுப்பட்ட ஒருவருடையது. 'இஞ்சுரி' என்ற பொத்தானை அழுத்தினால் மருத்துவ வண்டி மட்டும் போகும். 'வூண்ட்' என்றால் கூடவே போலீசும் போகும். யார் வெட்டியது என்று கேட்டேன். "அருவாமனைதான். மீன் நறுக்கும்போது" என்றார். இஞ்சுரி. அடுத்தது.

தூத்துக்குடிச் சொற்பிரிப்பு மையத்தில் என் வேலை இது. நாட்டை நடத்தும் எந்திரங்கள் எல்லாம் ஓர் ஆங்கிலச் சொற்பட்டியலின்படி இயங்குகின்றன. ஒரு சொல்லுக்கு ஒரு செயல். ஒன்றுபோல் தோன்றும் சொற்களைப் பிரிக்க மட்டும் இன்னும் மனுஷி தேவைப்படுகிறாள். மூன்று கேள்விதான் கேட்கலாம். எந்தச் சொல்லைப் பதிந்தோம் என்று சொல்லக்கூடாது. சொன்னால் ஆளாளுக்கு வசதியான சொல்லைக் கேட்பார்களாம். கேட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று எனக்கு நெடுநாளாக எரிச்சல்.

ஏழு மணிக்கு, தருவைக்குளத்திலிருந்து பிரகாசி. ஏழு நாளாக அதே நேரம், அதே பேச்சு.

"எங்க வீட்டுக்காரரக் காணோம் மேடம்."

அவள் கணவர் கில்பர்ட் மீன்பிடிக்கத் தனியாக வள்ளத்தில் போனவர். ஆறு நாளும் யோசிக்காமல் 'மிஸ்ஸிங்' அழுத்தினேன். தேடுபறவைகள் என்னும் சிறு விமானங்கள் கடல்மேல் தாழப் பறந்து தேடும். அவை தேடும்வரை வேறு படகு எதுவும் இறங்கக்கூடாது. அதே 'காணோம்' என்பதற்கு 'லாஸ்ட்' அழுத்தினால் தேடல் நின்றுவிடும். குடிமக்கள் பட்டியலில் அந்தப் பெயர் அழியும். பிறகு மாற்ற வழியில்லை.

இன்று அவள் அதோடு நிறுத்தவில்லை.

"அந்த இன்னொரு பொத்தான அமுக்கிருங்க மேடம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு யாரு சொன்னாக்கா?"

"ஊருக்கே தெரியும். நாப்பது வள்ளம் கரையில கெடக்கு. ஒருத்தரும் என்ட்ட ஒரு வார்த்தை கேக்கல. பக்கத்து வீட்டுப் புள்ளைக வெறுங்கஞ்சி குடிக்குதுவ. நான் பாத்துருவேன்னு கதவச் சாத்திக்கிறாவ."

முதல் கேள்வியைக் கேட்டேன். "அவரு வள்ளம் கெடச்சுதாக்கா?"

"ஒரு பலகை ஒதுங்குச்சு. அவரு கைப்பட பேரெழுதுனது."

"அவரு வரமாட்டாருன்னு நெனைக்கீங்களா?"

"ஏழு நாளாச்சு. கடல் தெரியாதவளா நான்?"

மூன்றாவது கேள்வியைக் கேட்காமலே விட்டிருக்கலாம். "அவருக்குச் சாப்பாட்டுத் தட்டு வைக்கீங்களா?"

"அத வைக்காம எப்படி மேடம்?"

விதிப்படி இது மிஸ்ஸிங்தான். அழைப்பவர் எதை விரும்புகிறார் என்பது கணக்கில்லை, எதை நம்புகிறார் என்பதைத்தான் பதிய வேண்டும். எனக்கு அழுகை வந்தது. அவள் நம்பிக்கையா, நாற்பது வீட்டு அடுப்பா என்று முடிவெடுக்க நான் யார்? ஆனால் அவள் முடிவெடுத்துவிட்டுத்தான் பேசினாள். லாஸ்ட் அழுத்தினேன். மதியத்துக்குள் படகுகள் இறங்கிவிட்டன.

மறுநாள் ஏழு மணிக்கு மறுபடியும் பிரகாசி. 'இப்பெயரில் எவரும் இல்லை' என்றது திரை. எந்தப் பொத்தானிலும் விளக்கு எரியவில்லை.

"எங்க வீட்டுக்காரரக் காணோம் மேடம்."

"சொல்லுங்கக்கா."

"நேத்து என்னன்னு போட்டீய?"

சொன்னால் வேலை போகும். அதற்காக ஒன்றும் நான் தயங்கவில்லை. அந்தச் சொல்லை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

"காணோம்னுதான்க்கா போட்டிருக்கேன்."

"அப்ப சரி" என்றாள். "பக்கத்து வீட்ல மீன் குடுத்தாவ. கொழம்பு வச்சேன். அவரு தட்டுலயும் போட்டு மூடி வச்சிருக்கேன்."