பீரோவில் பூட்டிய போன்

"பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியுது... மகாராணிக்குப் போனை விட்டுக் கண்ணு நகரல!"

மாமியாரின் குரலில் திடுக்கிட்டு அவள் அடுப்பை அணைத்தபோது பாதிப் பால்தான் மிச்சமிருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்ற மகள் பையை மாட்டிக்கொண்டாள். பஸ் டிரைவரான கணவன், "ஒரு நாள் அதைத் தூக்கிப்போட்டு உடைக்கிறேனா இல்லையா பாரு!" என்று கத்திவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனான்.

மாமியார் அத்தோடு விடவில்லை. போனைப் பிடுங்கி அணைத்தாள். பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அத்தை... இன்னைக்கு மட்டும் வேணாம். ஒரே ஒரு தடவை பேசிட்டுத் தந்துடறேன்!"

"குடிகாரனும் இப்படித்தான் கேப்பான்."

அவளிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லத்தான் வழியில்லை.

அந்த வீட்டில் ஒருத்தியைப் பற்றி யாரும் பேசுவதே கிடையாது. மாமியாரின் ஒரே மகள். பிடித்தவனைக் கட்டிக்கொண்டதற்காக, "இனி என் வாசப்படி மிதிக்காதே" என்று விரட்டப்பட்டவள். போன வருஷம் அவள் புருஷன் விபத்தில் போய்விட்டான். அப்போதும் பெற்றவள் மனசு இரங்கவில்லை. அப்படி ஒரு வீம்பு! அண்ணியான இவளிடம் மட்டும்தான் அவள் ரகசியமாக அழுதாள். "காலையில எதுக்கு எந்திரிக்கணும்னே தெரியல அண்ணி..."

அன்றிலிருந்து ஒரு பழக்கம். அண்ணி கற்றுக்கொடுத்த தையல்தான் நாத்தனாருக்கும் பிழைப்பு. காலையில், இவள் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்ள, இருவரும் போனைத் தையல் மெஷின்மேல் சாய்த்து, முகம் தெரிய வைத்துக்கொண்டு தைப்பார்கள். பேச்சு அதிகம் இருக்காது. அந்தப் பக்கம் மெஷின் நின்றால் இந்தப் பக்கமும் நிற்கும்.

"என்னடி, சத்தத்தைக் காணோம்?"

"நூல் அறுந்துடுச்சு அண்ணி."

அப்பாடா என்றிருக்கும். "அம்மாகிட்ட சொன்னீங்கன்னா உங்க போனையும் எடுக்க மாட்டேன்" என்று நாத்தனார் சத்தியம் வாங்கியிருந்தாள். அதனால்தான் போன் பைத்தியம் என்ற பட்டத்தை இவள் வாய்திறக்காமல் சுமந்தாள். இன்றைக்கு அந்தப் புருஷன் செத்து ஒரு வருஷம் ஆகும் நாள் வேறு. "நாளைக்கு மட்டும் என்னைத் தனியா விட்டுடாதீங்க அண்ணி" என்று நேற்றே கெஞ்சியிருந்தாள் பாவி மகள்.

அடுத்த வீட்டில் போன் கேட்கலாம். ஆனால் நம்பர்? இத்தனை மாதம் பேசியும் அது மனப்பாடமில்லை. எல்லாம் பீரோவுக்குள் இருந்தது. மெஷினில் உட்கார்ந்தாள், தைக்க ஓடவில்லை. கடைசியில் நாத்தனார் வீட்டுக்கே போய்விடலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட? புதுப் போன் வாங்கவா?"

சத்தியமாவது மண்ணாவது, சொல்லிவிடலாம் என்று அவள் திரும்பிய நேரம், வாசல் கேட் படாரென்று திறந்தது. தலை கலைந்து, மூச்சு வாங்க, நாத்தனாரே நின்றாள்.

"அண்ணிக்கு என்னாச்சு? உயிரோட இருக்காங்களா?"

அண்ணியைக் கண்டதும் பாய்ந்து வந்து தோளில் விழுந்தாள். "அடிச்சு அடிச்சுப் பாத்தேன்... அணைஞ்சே கிடந்துச்சு. அவரு போன அன்னைக்கும் இப்படித்தான் அண்ணி... போன் அணைஞ்சே கிடந்துச்சு!"

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். எலும்பும் தோலுமாய்த் தன் மகள்!

"இவ... உன்கூடவா பேசிட்டிருந்தா?"

"பின்ன, நீ பேசினியா? அவரு செத்ததுக்குக்கூட வரலையேம்மா! இவங்க மட்டும் இல்லைன்னா என்னையும் நீ வாரிக் குடுத்திருப்ப!"

மாமியார் தலையில் அடித்துக்கொண்டு மகளைக் கட்டிப்பிடித்தாள். அழுது ஓய்ந்தபின் மருமகளின் கையைப் பிடித்தாள். "குடிகாரன்னு சொன்னேனே... இந்த வாய் அழுகிப்போக!"

"அப்படிச் சொல்லாதீங்க அத்தை. நீங்க சொன்னதுல பாதி நிஜம். இவ போனை வெச்சப்புறமும் எனக்கு அதைக் கீழ வெக்க முடியல. பால் பொங்கினப்ப நான் இவகிட்ட பேசல... முன்னப்பின்ன தெரியாத எவளோ வீடியோவுல அலமாரி அடுக்கறதைப் பாத்துட்டு நின்னேன்."

"விடும்மா... இப்ப அதை யாரு கேட்டா?"

உண்மைதான். யாரும் கேட்கவில்லை. அன்று முழுக்க அந்த வீட்டில் அவள்தான் தெய்வம். மாமியார் அவளை அடுப்படிப் பக்கமே விடவில்லை. அவளுக்கு அந்தப் புகழ்ச்சி ஒட்டவில்லை.

சாயங்காலம் மகள் வந்தாள். புதிதாக வந்திருக்கும் அத்தையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"என்னடி கண்ணு, ஏன் நிக்கிற?"

"நீ பாத்து முடிம்மா. அப்பறம் சொல்றேன்."

அவள் குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். இரண்டிலும் ஒன்றுமில்லை. காத்து நிற்பது குழந்தைக்குப் பழகிப்போயிருந்தது.

"பாத்து முடிச்சாச்சுடி... சொல்லு."

மகள் நம்பாமல் ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு வாயை அகலத் திறந்து காட்டினாள். மேல் வரிசையில் முன்பல்லைக் காணோம்.

"ஐயோ, எப்படி விழுந்துச்சு? எங்க விழுந்துச்சு?"

"இங்கதாம்மா. உன் பக்கத்துல. முந்தாநேத்து."

அவள் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள். வலிக்கவே இல்லம்மா, வலிக்கவே இல்ல என்று குழந்தை அவளைத் தேற்றிக்கொண்டிருந்தது.