வாயை மட்டும் பார்த்தால் எப்படி?

தமிழினிக்குக் கோபம் வந்தால் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் என்று அவள் தெருவில் சொல்வார்கள். அது சும்மா கேலிக்குச் சொல்வது. ஆனால் அந்தச் சனிக்கிழமை அவளுக்கு வந்த கோபம் எடப்பாடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

எல்லாம் ஒரு மீனால் வந்தது.

மேட்டூரிலிருந்து வரும் வாய்க்காலில் தண்ணீரை அடைத்திருந்தார்கள். ஆண்டுதோறும் அடைப்பதுதான். அடைத்ததும் வாய்க்காலுக்குள் அங்கங்கே குட்டைகள் தேங்கும். மீன்கள் எல்லாம் அவற்றில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும்.

வெள்ளிக்கிழமை பள்ளியின் பசுமைப் படைக் கூட்டத்துக்கு அறிவியல் ஆசிரியர் சந்திரசேகர் சார் ஒரு பக்கெட்டோடு வந்தார். அதில் கருப்பாக ஒரு முரட்டு மீன் கிடந்தது.

"இதுக்குப் பேரு சக்கர் மீன். இதோட சொந்த ஊரு தென் அமெரிக்கா. கண்ணாடித் தொட்டியில வளர்க்க வாங்கினவங்க, பெருசானதும் வாய்க்கால்ல உட்டுப்போட்டாங்க. நம்ம மீனுங்க திங்கிற பாசியெல்லாம் இதே தின்னு தீர்க்குது. கரையைத் தோண்டிப் பொந்து வேற போடுது" என்றார் சார்.

தமிழினி மீனின் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தேங்காய் துருவி மாதிரி இருக்குதுங்க சார்!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"நாளைக்கு நம்ம பசுமைப் படை இதைப் பிடிக்கப் போகுது" என்றார் சார். "அடையாளம் சுலபம். வாய் தலைக்கு அடியில இருக்கும். கல்லுல கப்புன்னு ஒட்டிக்கும். கொண்டாந்தா வேப்ப மரத்தடியில குழி வெட்டிப் புதைச்சரலாம். அதிகமாப் பிடிக்கிற குழுவுக்குப் புதுக் கால்பந்து!"

கால்பந்து என்றதும் எட்டாம் வகுப்பு சிவபிரகாஷ் நிமிர்ந்து உட்கார்ந்தான். தமிழினியின் குழுவுக்கு அவன்தான் தலைவன்.

மறுநாள் காலையிலேயே அவர்கள் குழு குட்டையில் இறங்கிவிட்டது. சிவபிரகாஷ் துண்டை வலையாக்கி வீசினான். கல்லில் ஒட்டிய மீனையெல்லாம் வழித்துப் பக்கெட்டில் போட்டான். பக்கெட் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது.

"கால்பந்து நம்மளுக்குத்தான்!" என்று குதித்தான்.

தமிழினி பக்கெட்டுக்குள் கையை விட்டாள். ஒரு குட்டி மீன் அவள் உள்ளங்கையில் வந்து ஒட்டிக்கொண்டது. கூச்சமாக இருந்தது. சிரித்துக்கொண்டே அதன் முதுகை வருடினாள். வருடியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

முதுகு வழவழவென்று இருந்தது. சின்னச் சின்னச் செதில்கள் வெயிலில் மின்னின.

"சிவாண்ணா, இது சக்கர் மீன் இல்ல."

"வாயைப் பாத்தியா? கீழதான இருக்குது? ஒட்டுதா இல்லையா?"

"ஒட்டுது. ஆனா துருவி மாதிரி இல்லியே! செதில் இருக்குது பாருங்கண்ணா."

"குட்டியா இருக்கறப்ப அப்படித்தான் வழுவழுன்னு இருக்கும். பெருசானா முரடாயிரும். போ புள்ள, அக்கட்டால போ."

தமிழினிக்கு மூக்கு விடைத்தது. அவன் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் கேள்வி கேட்டால் அக்கட்டால போகச் சொல்வது என்ன நியாயம்? சரி, பார்த்துவிடலாம் என்று அவள் பக்கத்துக் குட்டைக்குப் போனாள்.

சேற்றைக் கிளறினாள். கல்லைப் புரட்டினாள். முழங்கை வரைக்கும் சேறாகிவிட்டது. கடைசியில் ஒரு கல்லுக்கு அடியில் அவள் தேடியது கிடைத்தது. அவள் விரல் நீளம்கூட இல்லாத சக்கர் மீன் குஞ்சு. தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். அந்த வயதிலேயே அது துருவியாக உரசியது! உடம்பு முழுக்கக் கவசத் தகடு.

குஞ்சைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். ஆனால் குட்டையில் யாரும் இல்லை. சிவபிரகாஷ் பக்கெட்டை சைக்கிளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டான். மற்றவர்களும் பின்னாலேயே ஓடிவிட்டார்கள்.

தமிழினிக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. அந்த வழவழப்பு மீனும் பாட்டிலில் இருக்கட்டும் என்று குட்டையில் மிஞ்சியிருந்த ஒன்றைப் பிடித்துப் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூட மறந்துவிட்டு ஓடினாள்.

பள்ளி மைதானத்தில் குழி தயாராக இருந்தது. குழுக்கள் பக்கெட்டுகளோடு வரிசையில் நின்றன. முதல் பக்கெட்டே சிவபிரகாஷுடையது.

"நிறுத்துங்க சார்!"

எல்லோரும் திரும்பினார்கள். சேற்றுக் கையும் வெறுங்காலுமாக ஒருத்தி மூச்சிரைக்க நின்றாள்.

"என்ன தமிழினி இது? வரிசையில வா" என்றார் சார்.

"வரிசையில வந்தா மீனெல்லாம் செத்துப்போயிருமுங்க சார்! நம்ம மீனைக் கொன்னுக்கிட்டிருக்கோம்!"

"கொழுப்பைப் பாருங்க சார்!" என்று சிவபிரகாஷ் கத்தினான். "நம்ம குழுவே தோக்கணும்னு பேசுறா. சக்கர் மீனுக்கும் இதுக்கும் வாய் ஒரே மாதிரிதான இருக்குது? அப்பறம் ஒரே இனம்தான?"

தமிழினிக்கு வந்ததே கோபம்!

"தறிப் பட்டறைக்குள்ள போனா எல்லாரும் காதுல பஞ்சு வெச்சுக்கறாங்க. எங்கம்மாவும் வெச்சுக்கறாங்க, உங்கப்பாவும் வெச்சுக்கறாரு. அதுக்காக ரெண்டு பேரும் அக்கா தம்பி ஆயிருவாங்களா?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சத்தம் தாங்காம பஞ்சு வெச்சுக்கறாங்க. இந்த மீனும் தண்ணி இழுத்துட்டுப் போயிரக் கூடாதுன்னு கல்லைப் பிடிச்சுக்குதோ என்னமோ! வாயை மட்டும் பாத்தா எப்படிண்ணா? முதுகையும் தொட்டுப் பாக்கணுமில்ல?"

அவள் பாட்டிலை சாரிடம் நீட்டினாள். சார் முதலில் குஞ்சைத் தொட்டார். பிறகு மற்றதைத் தொட்டார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சிவபிரகாஷின் பக்கெட்டுக்குள் கையை விட்டார். அவர் முகம் மாறிவிட்டது.

"கல்லொட்டி" என்றார். "இது நம்ம ஆத்து மீனு. கெண்டை இனத்தைச் சேர்ந்தது. சக்கர் மீன் கெளுத்தி இனம். ரெண்டுக்கும் கிட்டத்துச் சொந்தம் கிடையாது. ஓடுற தண்ணியில பல தலைமுறையா வாழ்ந்ததுல, அங்கே அதுக்கும் இங்கே இதுக்கும் தனித்தனியா இந்த வாய் அமைஞ்சிருக்குது."

குழிக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"நான்தான் வாயை மட்டும் அடையாளம் சொல்லிப்போட்டேன். தப்பு எம்மேலதான் சாமி. யாரும் எதையும் புதைக்கக் கூடாது. ஒவ்வொண்ணையும் தொட்டுப் பிரிங்க."

எல்லோரும் உட்கார்ந்து பிரித்தார்கள். துருவி ஒரு பக்கம், வழவழப்பு ஒரு பக்கம். சில கல்லொட்டிகள் அதற்குள் செத்து மிதந்தன. அவற்றைப் பார்த்ததும் தமிழினிக்கு மறுபடியும் கோபம் வந்தது. சார் மேலா, சிவபிரகாஷ் மேலா, வாய்க்காலில் மீனை விட்டுவிட்டுப் போன ஆள் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. எல்லோர் மேலும்தான்.

சிவபிரகாஷின் பக்கெட்டில் இருந்தவை எல்லாமே கல்லொட்டி. கால்பந்து வேறு குழுவுக்குப் போனது.

கல்லொட்டிகளைக் காவிரியில் விட்டுவிடலாம் என்று சார் சொன்னார். ஆறு பக்கத்தில்தான் இருந்தது. மற்றவர்கள் கால்பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தமிழினி பக்கெட்டைத் தூக்கப் பார்த்தாள். கனத்தது.

"உடு, நான் வாரேன்" என்று முறைத்துக்கொண்டே சிவபிரகாஷ் அதை வாங்கி சைக்கிளில் மாட்டினான்.

ஆற்றங்கரையில் பக்கெட்டைச் சரித்ததும் மீன்கள் தண்ணீருக்குள் பாய்ந்தன. அடியில் ஒன்று மட்டும் தங்கிவிட்டது. சிவபிரகாஷ் அதை எடுக்கக் கையை விட்டான். அது அவன் உள்ளங்கையில் கப்பென்று ஒட்டிக்கொண்டது.

"கையை உதறுங்கண்ணா, போயிரும்" என்றாள் தமிழினி.

அவன் உதறவில்லை. அப்படியே கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு குந்தினான். சட்டைக் கை நனைந்தது.

"அவசரமில்ல" என்றான் மீனிடம். "உனக்கு எப்பத் தோணுதோ, அப்பப் போ."