தம்புசாமி வீட்டுக் குரல்

அன்று மாலை கௌஸ் பாய் கடையில் இருந்தவர்கள் இவர்கள்தான். கல்லாவில் கௌஸ் பாய். அவருக்குப் பக்கத்தில், ஃபோன் உறைகளை நிறம் பிரித்து மாட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி காத்தூன் பீவி. பழுதுபார்க்கும் மேசைக்குப் பின்னால் விமலன். வாசலோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் இராஜம்மா. மேசைக்கு முன்னால், இராஜம்மாவின் அண்ணன் மகள் மாதவி. கதவு கண்ணாடிக் கதவு. பிரிக்பீல்ட்ஸ் தெருவில் போன எவரும் உள்ளே பார்த்திருக்கலாம். கிள்ளான் தம்புசாமி வீட்டுப் பெண் ஓர் ஆண்பிள்ளையோடு தனியாக நின்றாள் என்று சொல்ல யாருக்கும் இடமில்லை. பெயர் பெயராகச் சொல்வது அதற்காகத்தான்.

அவர்கள் அந்தக் கடையைத் தேடி வரவில்லை. இராஜம்மாவின் மகள் வாணிக்கு நிச்சயதார்த்தப் புடவை எடுக்க வந்தவர்களை மழைதான் பிடித்து உள்ளே தள்ளியது. உள்ளே வந்த பிறகு, ஒதுங்க இடம் கொடுத்தவர்களிடம் சும்மா நிற்பானேன் என்று மாதவி தன் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தாள். சால்வையில் சுற்றி வைத்திருந்தாள். காட்டிய கடையெல்லாம் கைவிரித்த டேப்லெட் அது.

விமலன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெயர் தெரியாத கம்பெனி, மலிவான சாமான். விளம்பரம் தானாக வந்து கத்துகிறது, அதை நிறுத்த வேண்டும் என்றாள் அவள். விளம்பரம் போடும் ஆப் டேப்லெட்டோடு கூடப் பிறந்தது, லேசில் அழியாது, பூட்டைத் திறந்து ரூட் செய்தால்தான், அதாவது கருவியின் மொத்த அதிகாரமும் நம் கைக்கு வந்தால்தான், அதைப் பிடுங்க முடியும் என்றான் அவன். செய்யுங்கள் என்றாள். லேப்டாப்பில் கம்பியைச் சொருகி ஏதோ தட்டினான். திரை கறுத்தது. சின்ன வெள்ளை எழுத்தில் ஒரு கேள்வி வந்தது. சம்மதம் என்றால் ஒலியைக் கூட்டும் பொத்தான், வேண்டாம் என்றால் குறைக்கும் பொத்தான்.

"உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும். ஓகே தானே மிஸ்..." என்று பழக்க தோஷத்தில் சொன்னபடி கட்டைவிரலைக் கூட்டும் பொத்தானின் மேல் வைத்தான்.

அழிஞ்சிடும்... அந்த ஒரு சொல்தான் அவள் காதில் விழுந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே பாய்ந்து அவன் விரலைப் பிடித்தாள்.

"கைய எடுங்க."

"மிஸ்... நீங்கதான் என் கையப் புடிச்சிருக்கீங்க. நீங்க விட்டாத்தான் நான் எடுக்க முடியும் லா."

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். இமையில் மழைத்துளி... அதற்குக் கீழே, பயத்தில் விரிந்து, அழவும் மறுத்துக்கொண்டிருந்த இரண்டு கண்கள். அவள் கையை விட்டாள். அவன் ஒலியைக் குறைக்கும் பொத்தானை அமுக்கினான். வேண்டாம். திரை உயிர் பெற்றது. அவளுக்கு மூச்சு வந்தது.

"உள்ள என்னா இருக்கு?" என்று கேட்டான், குரல் இறங்கி.

"எங்கப்பா."

தம்புசாமி ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் கமிட்டித் தலைவர். அவர் குரல் உயர்ந்தால் கூட்டம் அடங்கும். தொண்டையில் வந்த நோய்க்குக் குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னபோது, அறுவைக்கு முந்தைய வாரம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, வாழ்நாளுக்கு வேண்டிய வாக்கியங்களை எல்லாம் இந்த டேப்லெட்டில் பேசிப் பதிந்து வைத்தார். கட்டத்தைத் தொட்டால் அவர் குரல் வரும். ஓய்வு பெற்ற நாளில் நண்பர்கள் சேர்ந்து, முதுகில் அவர் பெயரைப் பொறித்துக் கொடுத்த டேப்லெட். வேறொன்றைத் தொட மாட்டார்.

ஆனால் கோயில் கூட்டத்தில், ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லக் கட்டத்தைத் தொட்ட நேரத்தில், உடம்பு இளைக்கும் தேநீருக்கு ஒரு பெண் மலாயில் விளம்பரம் பாடினாள். கூட்டம் சிரித்தது. அன்று அலமாரியில் வைத்ததை அவர் பிறகு தொடவில்லை. சின்னதொரு வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுவதோடு சரி.

எழுத்து எல்லாவற்றுக்கும் ஆகாது. அந்தக் குடும்பத்தில் தட்டு மாற்றும்போது தாய்மாமன் வாயால் வாக்குக் கொடுக்க வேண்டும். எழுதிக் காட்டினால் அது வாக்கு இல்லை. வாணியின் தாய்மாமன் தம்புசாமி. நாற்காலியிலிருந்து இதைச் சொன்னவள் இராஜம்மா.

விமலன் டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குரல்கள் ஆப்பின் உள்ளறையில் இருந்தன. ஆப் செய்த கம்பெனி மூடிப்போய்விட்டது, வெளியே எடுக்க வழி வைக்கவில்லை. ரூட் செய்தால் எடுக்கலாம். ரூட் செய்யப் பூட்டைத் திறக்க வேண்டும். பூட்டைத் திறந்தால் குரலே அழிந்துவிடும்.

"இது என்னா பாஸ் கணக்கு? பொட்டிக்குள்ள சாவிய வெச்சுப் பொட்டியப் பூட்டுன மாதிரி" என்றாள் மாதவி.

"அதே கணக்குதான்" என்றவன் டேப்லெட்டின் ஹெட்ஃபோன் துளையில் ஒரு கம்பியைச் சொருகிப் பார்த்தான். பிறகு சொன்னான்... பெட்டியை உடைக்க முடியாவிட்டால் என்ன, அவர் பேசுவதைப் பேச விட்டு, கம்பி வழியாக லேப்டாப்பில் பிடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டமாக. பொறுமை வேண்டும். எல்லாம் பிடித்த பிறகு பூட்டைத் திறக்கலாம்.

அதன்பிறகு மாதவி அலுவலகம் விட்டதும் கடைக்கு வந்தாள். இராஜம்மா கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். காத்தூன் பீவி தேநீர் போட்டுக் கொடுத்தார். மாதவி கட்டத்தைத் தொடுவாள், அவன் பிடிப்பான். *கணக்குக் கேட்டா கத்தாதீங்க. பூச நேரத்துல யாரு பேச்சு? மாதவி, மழ வருது, கொடைய எடுத்துக்க.*

"உங்கப்பா என்னையத் திட்டிக்கிட்டே இருக்காரு மிஸ்."

"இது திட்டு இல்ல. இதுதான் அவரு கொஞ்சறது."

அவன் சிரித்தான். சிரித்தால் ஒரு பக்கக் கன்னம் மட்டும் குழிந்தது. இதை ஏன் கவனித்தோம் என்று தன்னையே கடிந்துகொண்டு அவள் அடுத்த கட்டத்தைத் தொட்டாள்.

*வாங்க மாப்பிள்ள... உக்காருங்க. இது ஒங்க வீடு.*

கடைசிச் சொல்லில் குரல் உடைந்து ஓர் இருமல் வந்தது. என்றைக்கோ தன் மகளுக்கு வரப்போகிறவனுக்காக, அப்போதே பேசி வைத்த வார்த்தை. இராஜம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மாதவி தலை நிமிரவில்லை. காது மடல் சுட்டது.

"சத்தம் கம்மியா இருக்கு" என்றான் விமலன், லேப்டாப் திரையில் சத்தத்தோடு ஏறி இறங்கிய பச்சைக் கோட்டைப் பார்த்தபடி. "இன்னொரு தடவ போடுங்க."

அவள் இன்னொரு தடவை தொட்டாள்.

எல்லாம் பிடித்து முடித்த அன்று, கறுப்புத் திரையின் கேள்வி மறுபடி வந்தது. இம்முறை பொத்தானை அவளே அமுக்க வேண்டும் என்றான். அவள் ஒலியைக் கூட்டும் பொத்தானில் விரலை வைத்தாள். அமுக்கினாள். அப்பாவின் குரல் அந்த நிமிடம் டேப்லெட்டிலிருந்து போனது. ரூட்டுக்கான ஃபைலை அவன் ஏற்றினான். கம்பெனிச் சின்னம் வந்தது, அணைந்தது. மறுபடி வந்தது, அணைந்தது... வந்து வந்து அணைந்தது. கௌஸ் பாய் எழுந்து வந்து மேசையருகே நின்றார். ஒரே பெயரில் இரண்டு மாடல் விற்ற கம்பெனி அது. விமலன் மற்ற மாடலின் ஃபைலைப் போட்டுவிட்டான். தப்பு என்னுடையது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். சாக்கு எதுவும் சொல்லவில்லை. சரியான ஃபைலைத் தேடிப் பிடித்துப் போட்ட பிறகு டேப்லெட் எழுந்தது. விளம்பர ஆப்பை வேரோடு பிடுங்கினான். பெரிய பெரிய கட்டங்களில் குரல்களைத் திரும்ப வைத்தான்.

ஒன்று மட்டும் மிஞ்சியது. திறக்கும் போதெல்லாம் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை. பூட்டுத் திறக்கப்பட்டது, இந்தக் கருவியை நம்ப முடியாது என்று. இதை மறைக்க முடியாதா என்று கேட்டாள்.

"மறைக்கலாம். அந்தப் படத்த மாத்துனாப் போதும். ஆனா... தொறந்தத தொறக்காத மாதிரி காட்டணும். எனக்கு அது வராது மிஸ்."

கௌஸ் பாயும் விமலனும் கிள்ளானுக்கு நேரில் கொண்டுவந்து கொடுத்தார்கள். தம்புசாமி வெள்ளை வேட்டியில், முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். பலகையில் எழுதி, யார் மகன் என்று கேட்டார். ஜெஞ்சாரோம் ஊரில் லோரி ஓட்டும் சுகுமாறன் மகன் என்றான் விமலன். தலையசைத்து டேப்லெட்டைத் திறந்தார். கறுப்புத் திரை. அந்த ஒரு வரி.

இரண்டு முறை படித்தார். கொடுத்த வார்த்தையை ஒருநாளும் மாற்றாத மனிதர். அவர் பெயர் பொறித்த பொருளின் முகத்தில், நம்ப முடியாது என்று எழுதியிருந்தது.

விமலன் விளக்கினான். பூட்டுத் திறந்த எல்லாக் கருவியும் இப்படித்தான் சொல்லும் என்றான். அவர் காதில் அது சாக்காக விழுந்தது. என் பேச்சை எல்லாம் கேட்டாயா என்று எழுதினார். கேட்டேன் என்றான். எல்லாமுமா? எல்லாமும். அவர் முகம் இறுகியது. அழுத்தி அழுத்தி எழுதினார்: நம்ப முடியாத எதற்கும் என் வீட்டில் இடமில்லை. பிறகு வாசலைக் காட்டினார்.

"நீங்க சொல்லிட்டீங்க, நான் போறேன்" என்றான் விமலன். "நீங்களே வாயால கூப்புடாம இந்த வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன்."

வாயில்லாதவரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது... சொன்ன கணமே அவன் முகம் செத்துப்போனதை மாதவி பார்த்தாள். ஆனாலும் திரும்பாமல் போனான். நிமிர்ந்த கழுத்து. அப்பாவுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது... அழுகையும் வந்தது.

அன்று சாப்பாடு ஆனபின் அவள் அப்பாவின் முன் வந்து நின்றாள். இதுவரை நின்றதில்லை.

"அந்த வரிய மறைக்க வழி இருக்குப்பா. நான்தான் கேட்டேன். அவரு முடியாதுன்னுட்டாரு. தொறந்தத தொறந்தேன்னு சொல்லுது அது. நம்மள ஏமாத்த நெனச்சவன் மொதல்ல அந்த வரியத்தான் அழிச்சிருப்பான்."

தம்புசாமி பலகையைத் தொடவில்லை. டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மாதவி வாசலில் வந்து நின்றாள். தூறல் போட ஆரம்பித்திருந்தது. கொஞ்ச நேரத்தில், உள்ளேயிருந்து...

*மாதவி, மழ வருது, கொடைய எடுத்துக்க.*

அந்தக் குரல் அந்த வீட்டில் கேட்டு எத்தனை நாளாயிற்று. அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பையனைப் பற்றி அப்பா அதன்பிறகு ஒரு சொல்கூட எழுதவில்லை.

நிச்சயதார்த்தம் கிள்ளான் மண்டபம் ஒன்றில் நடந்தது. அன்றும் மழை. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியபோது தம்புசாமி படியில் நின்று கட்டத்தைத் தொட்டார். *வாங்க மாப்பிள்ள... உக்காருங்க. இது ஒங்க வீடு.* வாணிக்கு வந்தவன் சிலிர்த்துக் கைகூப்பினான். மாதவி சிரித்தாள், உள்ளுக்குள் ஏதோ ஒன்று தன்னிடமிருந்து கைமாறிப் போனது போல வலித்தது. தட்டு மாற்றும்போது, *எங்க வீட்டு வாக்கு, இது மாறாது* என்று அந்தக் குரல் மண்டபம் நிறைய ஒலித்தது. ஒரு விளம்பரமும் வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. இராஜம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இராஜம்மா அழைத்து கௌஸ் பாயும் காத்தூன் பீவியும் வந்திருந்தார்கள். காரை ஓட்டி வந்தவன் விமலன். மண்டபத்தின் கேட்டுக்கு வெளியே நனைந்துகொண்டே நின்றான், உள்ளே வரவில்லை. அந்தப் பிள்ளைக்குக் குடை கொண்டு போய்க் கொடு என்று மாதவியிடம் சொல்லி, இராஜம்மாவும் காத்தூன் பீவியும் படியில் நின்றார்கள். மறைவு ஒன்றுமில்லை. இருவர் கண்ணெதிரேதான் போனாள்.

"உள்ள வரலாம்ல."

"வாய விட்டுட்டேன். உங்கப்பா நிக்கற வாசல் எல்லாம் அந்த வாசல்தான். எப்படி வர்றது?" அவன் குடையை வாங்கவில்லை. அதனால் அவளே பிடித்துக்கொண்டு நின்றாள்... ஒரு குடைக்குள் இருவர். "மிஸ்... மாதவி. அன்னிக்கு சத்தம் கம்மியா இருக்குன்னு ஒண்ண மறுபடி போடச் சொன்னேன்ல."

"ம்."

"கம்மியா இல்ல."

மழை குடையைத் தட்டியது. அவள் அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தெரியும். பச்சைக் கோடு மேல வரைக்கும் போனத நானும் பார்த்தேன்."

"அதப் பார்த்துட்டுத்தானா... மறுபடி போட்டீங்க?"

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் முதல்நாள் பயம் இல்லை. வேறு ஏதோ இருந்தது, அவனால் பார்வையை எடுக்க முடியவில்லை. "எனக்கும் இன்னொரு தடவ கேக்கணும் போல இருந்துச்சு."

படியில் அசைவு. இருவரும் திரும்பினார்கள். இராஜம்மாவுக்கும் காத்தூன் பீவிக்கும் நடுவில் தம்புசாமி நின்றார், முதுகு விறைக்க, டேப்லெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. மாதவியின் கையில் குடை ஆடியது. விமலன் ஓரடி விலகி மழையில் நின்றான். கைகட்டவும் இல்லை, தலைகுனியவும் இல்லை.

அவர் மகளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். டேப்லெட்டைத் திருப்பி, விரலை வைத்தார்.

*வாங்க மாப்பிள்ள... உக்காருங்க. இது ஒங்க வீடு.*

விமலன் வாசலில் கால் வைத்தான்.

பூட்டு உடைத்த டேப்லெட் கோளாறாகிப் போய், வாணியின் மாப்பிள்ளைக்குச் சொன்னதைத் தானாக இன்னொரு முறை சொல்லிவிட்டது, தம்புசாமி மானத்துக்குப் பயந்து அதையே சம்மதமாக்கிக் கொண்டார் என்று கிள்ளானில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அன்று டேப்லெட் தானாக எதுவும் பேசவில்லை. இரண்டாம் முறையும் அமுக்கியது தம்புசாமியின் விரல்.