கீழ்நோக்கிய அம்புக்குறி

அந்தக் கட்டடத்துக்கு நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. மூன்று மாடி, வெளிச்சுவரெல்லாம் பாசி. உள்ளே நுழைந்ததும் ஈரக் காகிதத்தின் வாடை மூக்கில் ஏறியது.

அதுவரை அது எனக்கு ஒரு கிளை, அவ்வளவுதான். தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து கம்பெனியின் பயனர் பட்டியலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. திரையில் மரம் மாதிரி விரியும். ஒரு கிளையைத் தட்டினால் ஓர் அலுவலகம், அதற்குள் ஆட்களின் பெயர்கள். பெயர்மேல் ரைட் கிளிக் செய்து 'முடக்கு' என்றால் போதும். அந்த ஆளின் கம்ப்யூட்டர், மெயில், கதவு திறக்கும் கார்டு எல்லாம் அந்த நொடியே நின்றுவிடும். பெயருக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு குட்டி அம்புக்குறி வந்து உட்காரும். ஒருவரை வேலையைவிட்டு அனுப்பும்போது, அவருக்கே தெரிவதற்கு முன்பு முடக்கிவிடுவது எங்கள் வழக்கம். கோபத்தில் எதையாவது அழித்துவிடக் கூடாதே! ஏழு வருடத்தில் இருநூறு பேரையாவது முடக்கியிருப்பேன். ஒருத்தர் முகமும் தெரியாது.

இந்தக் கிளையில் ஒரு பெயர் முடங்க மறுத்தது. ஆவணக் காப்பாளர் ஒருத்தி. ஆறு மாதத்துக்கு முன் நான் முடக்கியது. வாரம் தவறாமல் அம்புக்குறி மறைந்து, கணக்கு உயிர் பெற்றுவிடும். தூரத்திலிருந்து மல்லுக்கட்டி அலுத்துப்போய் நேரிலேயே வந்துவிட்டேன்.

வரவேற்பறை பெஞ்சில் ஓர் அம்மா, மடியில் கைப்பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"யாரைப் பார்க்கணுமாம்?" என்று ரிசப்ஷனிஸ்டிடம் கேட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்க அலமாரி அக்காவோட கூடப்பிறந்த அக்கா சார். கீழே ரெக்கார்டு ரூம்ல இருந்தாங்களே, செத்துப்போனாங்களே, அவங்க."

"செத்துட்டாங்களா?"

"உங்களுக்குத் தெரியாதா? ஒரு வெள்ளிக்கிழமை கீழே வேலையா இருக்கும்போதே கார்டை முடக்கிட்டாங்க. இரும்புக் கதவு சார். உள்ளேயிருந்தும் கார்டு வெச்சாத்தான் திறக்கும். செல்போன் சிக்னலும் கிடைக்காது. அவசர பட்டன் வேலை செய்யலைன்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தாங்க. அந்தக் கடுப்புலதான் மேனேஜர் அவங்களை வேலையைவிட்டே தூக்கினார். சனி, ஞாயிறு காத்து மெஷினும் ஓடாது." அவள் படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். "திங்கட்கிழமை கதவைத் திறந்தது நான்தான் சார். விரல் நகம் ஒண்ணுகூட இல்லை."

"இந்த அம்மா எதுக்கு வர்றாங்க?"

"வாராவாரம் வந்து ஒரே கேள்விதான். என் தங்கச்சி கார்டை முடக்கினது யாருன்னு."

அந்த வெள்ளிக்கிழமை மேனேஜர் போனில் அவசரப்படுத்தினார். "ஆள் கிளம்பிட்டாங்களா சார்?" என்று கேட்டேன். "எப்பவோ போயாச்சு, முடக்குப்பா" என்றார். கட்டடத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க எனக்கு இன்னும் ஒரே ஒரு கிளிக் போதும். டீ ஆறிவிடும் என்று பார்க்கவில்லை.

மேனேஜர் அறையில் உட்கார்ந்து பட்டியலைத் திறந்தேன். அவள் பெயர் பளிச்சென்று, அம்புக்குறி இல்லாமல் இருந்தது. கீழே ரெக்கார்டு ரூம் கம்ப்யூட்டரில் இந்த நிமிடம் வேலை செய்துகொண்டிருப்பதாகக் காட்டியது.

"பேயாவது பிசாசாவது! எவனோ என்கிட்ட விளையாடுறான்" என்று மேனேஜர் எழுந்தார். "நானே போய் ஒயரைப் பிடுங்கிப் போடறேன்."

"சார், அன்னிக்கு அவங்க கீழே இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

வாசலில் நின்று திரும்பினார். "கொஞ்ச நேரம் அடைஞ்சு கிடந்தா திமிர் அடங்கும்னு நினைச்சேன். அப்புறம் மறந்துட்டேன்பா. மனுஷன்தானே."

படியிறங்கும் செருப்புச் சத்தம். இரும்புக் கதவு மூடும் சத்தம்.

ஈரக் காகித வாடை அறைக்குள் வந்தது.

திரை தானாகவே ஒருமுறை புதுப்பித்துக்கொண்டது.

மேனேஜர் பெயரில் அம்புக்குறி.

'இயக்கு' என்று அழுத்தினேன். மறைந்தது. மறுபடி வந்தது. அழுத்தினேன். வந்தது.

ரிசப்ஷனிஸ்ட் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "சார், உள்ளேயிருந்து தட்டுறார்! என் கார்டுக்கும் கதவு திறக்கலை!"

அந்தக் கதவைத் திறக்க உரிமையுள்ளவர்களின் குழுவைத் திறந்து பார்த்தேன். முப்பது பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது.

அவள் பெயர்.

தீயணைப்பு ஆட்கள் வந்து கதவை அறுத்தார்கள். மொத்தம் நாற்பது நிமிடம். மூன்று நாள் காற்றில்லாமல் கிடந்த உடம்பு போல இருக்கிறதே என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஆளுக்கு அது வேண்டும். அவள் கணக்கைத் தீர்த்துக்கொண்டாள், என்னை விட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

வெளியே போகும்போது பெஞ்சிலிருந்த அம்மா எழுந்து வந்தார்.

"கம்ப்யூட்டர் பார்க்க வந்தவர் நீங்கதானா தம்பி? என் தங்கச்சி கார்டை முடக்கினது யாருன்னு அதுல இருக்குமாப்பா?"

இருக்கும். யார் முடக்கினாலும் குறிப்பில் தேதியும் பெயரும் போட வேண்டும். என் பெயரை நானேதான் அடித்திருந்தேன்.

"மேனேஜர்தாம்மா" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க ஒருத்தராவது உண்மையைச் சொன்னீங்களே. நல்லா இருக்கணும் தம்பி." அந்தக் கை சூடாக இருந்தது. ஆனால் என் பின்கழுத்தில் யாரோ சில்லென்று மூச்சு விட்டார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. தலைமை அலுவலகத்தில், சர்வர் அறையில் இருக்கிறேன். மதியம் மூன்றரைக்கு ஏதோ தோன்றி என் பெயரையே திறந்து பார்த்தேன். 'மேலதிகாரி' என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

ஒருவர் எந்தெந்த நேரம் உள்ளே இருக்கலாம் என்பதற்கு ஒரு கட்டப் பலகை உண்டு. அனுமதித்த மணி நீலம், மற்றது வெள்ளை. என் பலகையில் இன்று மாலை நாலு மணியோடு நீலம் முடிந்திருந்தது. அதற்கப்புறம் எல்லாக் கட்டமும் வெள்ளை. ஒன்றை நீலமாக்கினேன். கண்ணெதிரிலேயே வெளுத்தது.

நாலு ஆகும் முன்பே சர்வர் அறைக் கதவு என் கார்டை எடுக்கவில்லை. காவலாளியைக் கூப்பிட்டேன், லைன் போகவில்லை. மனைவிக்கு அடித்தேன், போகவில்லை. தீயணைப்புக்கும் போகவில்லை. கடைசியில் அவள் பெயரைத் திறந்தேன். வீட்டுத் தொலைபேசி என்ற இடத்தில் 'அக்கா' என்று போட்டு ஓர் எண் இருந்தது.

அதற்கு மட்டும் மணி போகிறது.

எடுத்ததும் சொல்லிவிடுவேன். முடக்கியது நான்தான், அம்மா. நான்தான்.

மூன்று ஐம்பத்தெட்டு. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.